ரெங்கசாமியின் தாடையும் வெள்ளையம்மாவின் தலையும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒரு பெண் போன வாரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன் நோயாளிகளுக்கு முடி மழிக்கும் வேலையைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரே புலம்பல். "இதுக்குத்தானா மேடம் இத்தனை வருஷம் நர்ஸிங் படிச்சேன்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்புக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டும். அவளுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஊசி போடக் கற்றேன், பிரசவம் பார்க்கக் கற்றேன், பெரிய பெரிய ஆபரேஷன்களில் டாக்டருக்குக் கை கொடுத்தேன். ஆனால் "நாளைக்கும் செய்ய விடுவார்களா?" என்று தூக்கம் வராமல் புரண்டு நான் கற்ற வேலை ஒன்றே ஒன்றுதான். சவரக்கத்தி பிடிப்பது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டை இன்னும் ராஜாவின் சமஸ்தானம். அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்து, டவுனில் ஓர் ஆசுபத்திரியில் நான் பயிற்சி நர்ஸாக இருந்தேன். முடி மழிப்பதற்கென்று ஒருவர் வெளியிலிருந்து வருவார். அவர் ஊரில் இல்லாத நாளில் ஆபரேஷன் அப்படியே நின்றுபோகும். ஒருநாள் குடல் இறங்கி வலியில் துடித்த ஒரு மனிதரை மேஜைமேல் படுக்க வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போயிருந்த அவரைத் தேடி ஆள் அனுப்பிக் காத்திருந்தோம். டாக்டர் கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் பறந்தன.

அன்று சாயங்காலம் ஹெட் நர்ஸ் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "உங்கள்ல ஒருத்தி கத்தி பிடிக்கக் கத்துக்கணும். யாரு?" என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆம்பளை வேலை, அதிலும் சாதி வேலை என்று அன்று பெயர். நான் கையைத் தூக்கினேன். அதில் தியாகம் ஒன்றுமில்லை. என் அண்ணன் ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தான். அதை அவன் தோல்வாரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துத் தீட்டும் சத்தம் கேட்டால் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் நிற்பேன். தொட விட மாட்டான். "பொம்பளைப்புள்ளைக்கு இதுல என்ன வேலை?" என்பான். இப்போது சர்க்கார் செலவில் தொடலாம் என்றால் விடுவேனா?

ஹெட் நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கத்தி நான் தர்றேன். மொகத்தை நீயே தேடிக்க" என்றார்.

முகம் தேடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. ஆண்கள் வார்டில் யாரிடம் கேட்டாலும் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள். ஒருவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். கடைசியில் கோடிக் கட்டிலில் இருந்த டிரைவர் ரெங்கசாமிதான் என்னைக் கூப்பிட்டார்.

பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ்ஸெல்லாம் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் அடுப்பு மாதிரி இருக்கும். அதன் மூடியைத் திறக்கும்போது தீ குபீரென்று மேலே வந்து ரெங்கசாமியின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. முழங்கை வரை கட்டு. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். தாடி மண்டிக்கிடந்தது.

"நர்ஸம்மா, எனக்குச் சவரம் பண்ணி விடுங்க. நானே தினம் சவரம் பண்ணிக்கிறவன். பொட்டியில என் கத்தி இருக்கு. ஆசுபத்திரிக் கத்தியெல்லாம் வேணாம், அது மரம் அறுக்குறது" என்றார்.

"எனக்குப் பழக்கமில்லீங்க. இதுதான் முதத் தடவை" என்று உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். வார்டு பூராக் கேட்டுக்கிட்டுத்தானே வந்தீங்க. எனக்கு வேற வழி இல்ல. எனக்குப் பேசியிருக்குற பொண்ணோட அப்பா இன்னைக்கு வாராக. கை போச்சுன்னு யாரோ சொல்லிட்டாக. பேச்சை முறிக்கத்தான் வாராகன்னு நெனைக்கிறேன். இந்தத் தாடியோட பாத்தாகன்னா வாசல்லயே திரும்பிருவாக."

அவருடைய பெட்டியைத் திறந்தேன். துணியில் சுற்றி, எண்ணெய் தடவி வைத்திருந்தார் அந்தக் கத்தியை. திறந்ததும் ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து கூரைவரை போய் ஆடியது. என் கையும் ஆடுகிறது என்பது அதில்தான் எனக்கே தெரிந்தது.

நுரை போட்டேன். கத்தியைக் கன்னத்தருகே கொண்டு போனேன். நடக்க முடிந்தவர்கள் எல்லாம் கட்டிலைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"நிமித்திப் புடிக்காதீங்க, படுக்கப் போடுங்க. அந்தக் கையால காதுகிட்டத் தோலை மேல இழுங்க. இன்னும் இழுங்க. நான் ஒண்ணும் கிழிஞ்சிற மாட்டேன்" என்றார் ரெங்கசாமி, உதட்டை அசைக்காமல்.

இழுத்தேன். சரக்கென்று ஒரு சத்தம். நுரை விலகி, அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று கன்னம் தெரிந்தது. ரத்தம் இல்லை! எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. "வந்துருச்சு! வந்துருச்சுங்க!" என்று கத்தியும்விட்டேன். எதிர்க்கட்டிலில் வயிற்றில் தையல் போட்டிருந்த பெரியவர் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கொல்லாதீங்கம்மா" என்றார்.

வலது கன்னம் முடிந்தது. மேலுதடு முடிந்தது. கத்தி எந்த இடத்தில் வழுக்குகிறது, எந்த இடத்தில் பிடித்து நிறுத்துகிறது என்று விரலுக்கே தெரிய ஆரம்பித்தது. இடது தாடைக்கு வந்து, முகவாய்க்குக் கீழே குழிந்த இடத்தில் கத்தியை வைத்தபோதுதான் வாசலில் யாரோ, "ரெங்கசாமி, பொண்ணு வீட்டுக்காரக வந்துட்டாகப்பா!" என்று கூவினார்கள்.

ரெங்கசாமி தலையைத் திருப்பிவிட்டார்.

வெள்ளை நுரையில் சிவப்பு இறங்கியது. நான் கத்தியை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கட்டிலின் கால்மாட்டில் அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர் வந்து நின்றார். அவருடைய கண் ரெங்கசாமியின் முகத்துக்கும் என் கையிலிருந்த கத்திக்கும் போய்ப் போய் வந்தது.

"கையி வெந்துபோச்சுன்னுல்ல சொன்னாக. இந்தப் புள்ள கழுத்துல கத்தி வச்சுக்கிட்டு நிக்குது!" என்றார்.

எனக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ரெங்கசாமி மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நிறுத்திறாதீங்க. பாதி மொகத்தோட மாமாகிட்ட நான் எப்படிப் பேசுறது?" என்றார்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தைப் பற்றித்தான். கை தவறும். யாருக்கும் தவறும். தவறிய அந்தக் கணத்தில் சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள். நோயாளியைப் பாருங்கள். அவருக்கு இப்போது என்ன தேவை? எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது என் வெட்கமல்ல, மீதித் தாடையும் மழிப்பதுதான். படிகாரத்தை நனைத்து வெட்டின்மேல் அழுத்தினேன். ரத்தம் நின்றது. பஞ்சை ஒட்டினேன். தோலை இழுத்துப் பிடித்து, மறுபடி கத்தியை வைத்தேன். அதே கைதான், ஆனால் இந்தமுறை ஆடவில்லை.

பெண்ணின் அப்பா கடைசி இழுப்பு வரை நின்று பார்த்தார். முகத்தைத் துடைத்துவிட்டதும் என்னிடம் திரும்பி, "நீ சொல்லு தாயி. இந்தக் கையி இனி ஸ்டீயரிங் புடிக்குமா?" என்றார்.

"புண்ணு ஆறுனப்பறம் டாக்டர் பாத்தாத்தாங்க தெரியும். ஆனா எல்லா விரலும் அசையுது. தினம் நான்தான் மருந்து வைக்கிறேன், எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் குனிந்து அந்தக் கட்டுகளைப் பார்த்தார். பிறகு ரெங்கசாமியிடம், "பழக்கமில்லாத புள்ளகிட்டக் கழுத்தைக் குடுத்துட்டு உக்காந்திருக்கியே மாப்ளே, ஒனக்குப் பயமாயில்லையா?" என்று கேட்டார்.

"பயமாத்தான் இருந்துச்சு மாமா. நான் பயந்தா இவுக இன்னும் பயந்துருவாகல்ல?"

பெரியவர் சத்தமாகச் சிரித்தார். 'மாப்ளே' என்று அவர் கூப்பிட்டதை வார்டில் எல்லோரும் கவனித்திருந்தார்கள். அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். பேச்சு முறியவில்லை. அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கத்திப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். ரெங்கசாமியின் முகம் ஒருநாள்கூட வளர விடாமல் மழித்தேன். போர்வையை இழுத்துக்கொண்டவர் தானே வந்து முகத்தைக் காட்டினார். வயிறு, தொடை, கை என்று ஆபரேஷனுக்கு வந்த உடம்புகளெல்லாம் என்னிடம் வந்தன. ஆனால் இதெல்லாம் நல்ல தோல். நோயாளி ஒத்துழைக்கிற இடம். கத்தி என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது வெள்ளையம்மா வந்த அன்றுதான்.

குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் கொண்டு வந்தார்கள். கிணறு வெட்டும் வேலை. உள்ளே நின்று மண் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே போன கூடையிலிருந்து ஒரு கல் சரிந்து தலையில் விழுந்திருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிவிட்டுச் சரியாகிவிடும் என்று இருந்திருக்கிறார்கள். வரும்போது உடம்பு அனலாகக் கொதித்தது. மருந்தும் ரத்தமும் முடியும் சேர்ந்து காய்ந்து, தலை ஓடு மூடியதுபோல் இருந்தது. அந்த ஓட்டுக்கு மேல் அவ்வளவு முடி. அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே போகும்.

டாக்டர் பார்த்துவிட்டு, "மொத்தமும் எடுத்துடுங்க. தலையைப் பார்க்காம நான் எதையும் தொட முடியாது" என்றார்.

கண்ணைக்கூடத் திறக்காமல் கிடந்த வெள்ளையம்மா அதைக் கேட்டதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில எனக்கு எதுக்கு மொட்டை? செத்தாலும் முடியோட சாவுறேன். என்னை வண்டியில ஏத்துங்க!"

புருஷன் கருப்பையா வாசலில் நின்றான். ஒடிசலான ஆள். ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

டாக்டர் இறங்கி வந்தார். காயத்தைச் சுற்றி நாலு விரல் அகலம் மட்டும் எடுத்தால் போதும், ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே ஆபரேஷன் முடிய வேண்டும் என்றார். நான் வெள்ளையம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் பொம்பளை. நான்தான் எடுக்கப் போறேன். நாலு விரலுக்கு மேல தொடமாட்டேன். சரியா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

கையை இறக்கினாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

வெந்நீர் ஊற்றி ஊற்றி அந்த ஓட்டை ஊற வைத்தேன். கத்தரிக்கோலால் குறைத்தேன். ரெங்கசாமியிடம் அவருடைய கத்தியைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். கொதிநீரில் போட்டு எடுத்து, முன் நெற்றிக்கு மேலே மெதுவாக வைத்தேன்.

"வலிக்குதா அக்கா?"

"கல்லு விழுந்தப்ப வலிச்சதை விடவா?"

நாலு விரல் சுத்தமாகிவிட்டது. காயம் தெரிந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சொன்ன வேலை முடிந்தது. சொன்ன சொல்லும் காப்பாற்றப்பட்டது. டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் காயத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுத்தியது. அது சின்னக் காயம். தோல் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். அதன் விளிம்பு காயக்கூட ஆரம்பித்திருந்தது. இவ்வளவு சின்னக் காயத்துக்கு ஏன் இவ்வளவு காய்ச்சல்?

முடிக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே பின்னால் போனேன். இடது காதுக்குப் பின்னால், பிடரிக்குக் கொஞ்சம் மேலே, விரல் அமுங்கியது. ஊறிய பழத்தைத் தொட்டதுபோல் இருந்தது. வெள்ளையம்மா துள்ளிவிட்டாள்.

"அங்கிட்டு ஒண்ணுமில்ல" என்றாள் அவசரமாக.

"அப்புறம் ஏங்க்கா துள்ளுனீங்க?"

என் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசலில் நின்ற கருப்பையாவிடம் கேட்டேன். "கல்லு முன்னாடிதானே விழுந்துச்சு? பின்னாடி எப்படி அடிபட்டுச்சு?"

அவன் முதல்முறையாகப் பேசினான். "விழுந்தவொடனே இவ மல்லாக்கச் சாஞ்சுட்டாம்மா. பாறையில தலை மோதுச்சு. அதுல ரத்தமே வரல. அதான் நாங்க அதைப் பெருசா நெனைக்கல."

மறுபடி அவள் தலைப் பக்கம் திரும்பினேன். மழிக்காமல் இப்படியே டாக்டரிடம் அனுப்பினால் முன் காயத்தைத் தைத்துவிடுவார், நான் சொன்னால் பின்னாலும் பார்ப்பார். ஆனால் முடிக்கு மேல் எதைப் பார்க்க முடியும்? மழிக்க வேண்டுமென்றால் சத்தியம் போகும். அவள் கண்ணை மூடியிருக்கிறாள், காய்ச்சல் மயக்கம் வேறு. கேட்காமலே எடுத்துவிடலாம், அவளுக்குத் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் என் தலைப்பை அவள் இன்னும் விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் அப்படிச் செய்ய முடியாது.

அவளுடைய விரலை எடுத்து அந்த வீக்கத்தின்மேல் வைத்தேன்.

"அக்கா, நாலு விரல்னு சத்தியம் பண்ணுனேன். அப்ப எனக்கு இது தெரியாது. காய்ச்சல் இதுலேருந்துதான் வருதுன்னு நெனைக்கிறேன். இதையும் எடுக்கணும். நீங்க வேணாம்னா எடுக்கமாட்டேன். ஆனா எடுத்தாத்தான் டாக்டர் பாக்க முடியும்."

அவள் விரல் அந்த வீக்கத்தைச் சுற்றித் தடவியது. டாக்டர் உள்ளிருந்து, "ஆச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"வலது பக்கத்தை வச்சுருவியா?" என்றாள் வெள்ளையம்மா.

"அங்கயும் தடவிப் பாத்துட்டேன். அங்க ஒண்ணுமில்ல. வச்சுருவேன்."

"அப்பச் சரி. எடு தாயி."

அதுவரை கற்றதெல்லாம் இங்கே உதவவில்லை. தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று ரெங்கசாமி சொல்லிக் கொடுத்திருந்தார். இந்தத் தோலை இழுக்க முடியாது. இழுத்தால் அவள் துடிப்பாள், கத்தி உள்ளே போகும். வீக்கத்தைச் சுற்றியிருந்த நல்ல தோலை முதலில் மழித்தேன். பிறகு வீக்கத்தின்மேல் கத்தியின் கனம் மட்டும் படும்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெல் அகலம் நெல் அகலமாக நகர்த்தினேன். பாதி வந்திருக்கும். அவள் உடம்பில் ஒரு நடுக்கம் புறப்படுவது அவள் பிடித்திருந்த தலைப்பின் வழியாக எனக்கு வந்தது. குளிர்க்காய்ச்சல்.

கத்தியை உயரத் தூக்கிவிட்டேன். அடுத்த கணம் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினாள். பல் கிட்டியது.

"என்ன அங்கே? வெளிச்சம் போகுது!" என்று டாக்டர் வெளியே வந்தார்.

"இப்ப முடியாது சார்."

"முடியாதா? சீக்கிரம் எடு!"

"நடுக்கம் நிக்கட்டும் சார். நின்னாத்தான் வைப்பேன்."

அந்தக் காலத்தில் பயிற்சி நர்ஸ் டாக்டரிடம் அப்படிப் பேச மாட்டாள். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். ஹெட் நர்ஸ் இரண்டு கம்பளி கொண்டுவந்து வெள்ளையம்மாவைப் போர்த்தினார். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கத்தியைப் பிடித்த கையை மேலே வைத்துக்கொண்டே, மற்ற கையால் அவள் நெற்றியைப் பிடித்திருந்தேன். நடுக்கம் தணிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சிலேயே மீதியை எடுத்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை!

டாக்டர் பின் வீக்கத்தைத்தான் முதலில் திறந்தார். சீழ் பீறிட்டு வந்தது. அடியில் எலும்பில் ஒரு கீறல் இருந்தது. எல்லாம் முடிந்து கட்டுப் போட்ட பிறகு என்னைப் பார்த்து, "பின்னாடி எடுக்கச் சொல்லி உனக்கு யார் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லலை சார். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பொருந்தலை."

"ம்" என்றார். அந்த 'ம்'மை நான் ஹாஸ்டல் வரை ஓடிக்கொண்டே கொண்டு போனேன். சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் சிரித்தேன் என்று? மழிப்பதற்காக ஒரு உடம்பின்மேல் குனிகிறபோது அதை உங்களைவிடப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் யாருமில்லை. டாக்டர் பிறகுதான் வருகிறார். மழிக்கச் சொன்ன இடத்தோடு கையை நிறுத்துங்கள், கண்ணை நிறுத்தாதீர்கள். மழிக்க வேண்டிய இடம் கூடுகிறது என்றால் அதைப் படுத்திருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வெள்ளையம்மா பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்து, கட்டுப் பிரித்து, வார்டில் மற்றவர்களை அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, கண்ணாடி கேட்டாள். கொடுத்தேன்.

இடது பக்கம் துடைப்ப ஈக்கி மாதிரி முளைத்திருந்தது. வலது பக்கம் இடுப்பு வரை தொங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பாதி உரிச்ச தேங்காயாட்டம்ல இருக்கேன்!" என்றாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இதோட ஊருக்குள்ள எப்படித் தாயி எறங்குறது? முழுசா எடுத்தாலும் கேப்பாக, எடுக்கலன்னாலும் கேப்பாக. ஒவ்வொருத்திக்கும் நின்னு நின்னு பதில் சொல்லணும்."

கருப்பையா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து என் முன்னால் நின்றான்.

"எனக்கும் எடுத்து விட்டுருங்கம்மா."

"எதை?"

"முடியைத்தாம்மா. ரெண்டு பேருக்கும் எடுத்துட்டு சந்தனத்தைப் பூசிட்டோம்னா, விராலிமலை முருகனுக்கு முடி குடுத்துட்டு வாரோம்னு நெனைச்சுக்கிருவாக. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாக."

வெள்ளையம்மா அவனை முறைத்தாள். "சாமி பேரைச் சொல்லிப் பொய்யா?"

"ஒரு நா கூட ஆனா ஆகட்டும். விராலிமலை போயிக் கும்பிட்டுட்டே ஊருக்குப் போவோம். அப்பப் பொய்யில்லல்ல?"

அத்தனை நாளில் அவன் பேசிய பெரிய பேச்சு அதுதான். வெள்ளையம்மா அவனையே பார்த்தாள்; பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி" என்றாள். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் ஹெட் நர்ஸிடம் கேட்டேன். அவர் கேட்டுவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "எனக்குத் தெரியாது. கெணத்தடியில வச்சு எடு, வார்டுல முடி விழக்கூடாது" என்றார்.

கிணற்றடியில் வெள்ளையம்மாவை உட்கார வைத்தேன். இந்த முறை அவளே தலையைக் குனிந்தாள். தழும்புகளின் ஓரத்தில் மட்டும் நிதானித்து, மற்ற இடமெல்லாம் கத்தி பாடிக்கொண்டு போனது. அவள் கை என் தலைப்பைத் தேடவில்லை. அடுத்து கருப்பையா. அவன் உட்கார்ந்ததும் வெள்ளையம்மா எதிரில் குந்திக்கொண்டு எனக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"காதுகிட்டப் பாத்து எடு தாயி. இந்த ஆளுகிட்ட அது ஒண்ணுதான் என் பேச்சைக் கேக்கும்."

"ஆடாம இருங்க!" என்று நான் கத்த வேண்டியதாயிற்று. ஏனென்றால் கருப்பையா சிரிக்க ஆரம்பித்திருந்தான். சிரித்தால் தலை ஆடுகிறது, தலை ஆடினால் நான் கத்தியைத் தூக்குகிறேன், தூக்கினால் அவள் இன்னொன்று சொல்கிறாள். நான் மழித்த தலைகளிலேயே அதிக நேரம் எடுத்தது அதுதான். ஹாஸ்டல் சமையற்கார அம்மாள் சந்தனம் அரைத்துக் கொடுத்தார். இரண்டு தலையிலும் பூசினோம். வெள்ளையம்மா தன் நெற்றியில் குங்குமத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டாள்.

பஸ் வரை நானும் போனேன். நல்ல கூட்டம். கண்டக்டர் இரண்டு சந்தனத் தலைகளையும் பார்த்ததும், "சாமிக்கு முடி குடுத்தவுக வாராக, உள்ள எடம் விடுங்கப்பா!" என்று சத்தம் போட்டார். கூட்டம் விலகியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் நகர்ந்து வெள்ளையம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, பக்தியோடு கேட்டாள்:

"என்ன வேண்டுதல் ஆத்தா?"

வெள்ளையம்மா வெளியே நின்ற என்னைப் பார்த்தாள்.

"உசுரு" என்றாள்.

"யாரு உசுரு? புள்ளைக்கா?"

"என்னோட உசுருதான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்து, கருப்பையாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

பஸ் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. நான் நடுரோட்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஜன்னலில் இரண்டு மஞ்சள் தலைகளும் குழிக்குக் குழி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போயின.